லோயாங்: ஒரு பெயரும் அது குறித்த பல நகரங்களும்

தாங் மரபுக் காலத்துச் (கி.பி. 618–907) சீன நூலொன்றில் 'கிழக்குத் தலைநகர்' என்னும் தொடர் வருமாயின் அது லோயாங் நகரைக் குறிக்கும். வட சோங் காலத்து (960–1127) நூலொன்றில் அதே பொருள்படும் தொடர் கைஃபெங் நகரைக் குறிக்கும். லோயாங் அப்போது 'மேற்குத் தலைநகர்' ஆகிவிடுகிறது. தாங் காலத்திலோ 'மேற்குத் தலைநகர்' என்று வழங்கியது சாங்கான். நூலின் காலத்தை நோக்காமல் இத்தொடர்களை மொழிபெயர்ப்பவர் ஒரு நகரத்தின் நிகழ்ச்சிகளை மற்றொரு நகரத்தின் மேல் ஏற்றிவிடக் கூடும்.

இச்சிக்கல் சிறப்புத் தொடர்களோடு நின்றுவிடுவதில்லை. 'லோயாங்' என்னும் பெயரே இதற்கு உட்பட்டது. மூவாயிரம் ஆண்டு வரலாறு உடையதாகக் கூறப்படும் அந்நகரம் அக்காலம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. ஓர் ஆற்றின் போக்கில் கிழக்கும் மேற்குமாக அது பலமுறை இடம் மாறியுள்ளது. ஆறும் தன் போக்கை மாற்றிக்கொண்டுள்ளது. பெயரை எழுதும் எழுத்தும் அரசாணையால் மாறியுள்ளது. அந்நகரத்தாரின் பேச்சு என்று போற்றப்பட்ட ஒலிப்புமுறை நகரத்தை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழ்ந்தது. ஆதலின் லோயாங் என்னும் சொல்லை மொழிபெயர்ப்பில் ஆளுமுன் அது எந்தக் காலத்து லோயாங் என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

பெயரின் அமைப்பு

லோயாங் என்பது இரு கூறுகளால் ஆனது. முதற்கூறு லோ என்னும் ஆற்றின் பெயர். இரண்டாம் கூறாகிய யாங் என்பது வெளியுலகிற்குப் பெரும்பாலும் 'யின்–யாங்' என்னும் மெய்யியல் இணையின் பகுதியாகவே அறிமுகமானது. இடப்பெயர்களில் அதன் பொருள் மிக எளியது: வெயில் படும் பக்கம். யின் என்பது நிழற்பக்கம். சீனத்தின் பெரும்பகுதி கடகக் கோட்டுக்கு வடக்கே இருப்பதால் வெயில் எப்போதும் தென்திசையிலிருந்து சாய்ந்து விழுகிறது. எனவே மலையின் தென்சரிவு யாங், வடசரிவு யின். ஆற்றுப் பள்ளத்தாக்கில் இது தலைகீழாகும். வடகரைச் சரிவு தெற்கு நோக்கியிருப்பதால் அதுவே வெயிலைப் பெறும். ஆகவே ஆற்றுக்கு வடகரை யாங், தென்கரை யின். லோயாங் என்பதன் நேர்ப்பொருள் 'லோ வடகரை' என்பதே.

இவ்விதி சீன இடப்பெயரியலில் மிகப் பரவலானது. ஹெங் மலையின் தெற்கே ஹெங்யாங், ஹுவா மலையின் வடக்கே ஹுவாயின், ஹுவாய் ஆற்றின் தென்கரையில் ஹுவாயின் என ஊர்கள் அமைந்துள்ளன. கடைசி இரண்டும் தமிழ் எழுத்துப்பெயர்ப்பில் ஒன்றாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். சீனத்தில் அவை வேறு வேறு எழுத்துகள், வேறு வேறு ஒலிகள். சின் பேரரசின் தலைநகராகிய சியான்யாங், மலைக்குத் தெற்கிலும் வெய் ஆற்றுக்கு வடக்கிலும் இருந்தமையால் 'இரு வகையாலும் யாங்' என்னும் பொருளில் பெயர் பெற்றது என்பது மரபான விளக்கம். ஹான் என்ற பெயரில் கொரியாவிலும் ஓர் ஆறு உண்டு. அதன் வடகரையில் எழுந்த சியோல் நகரின் பழம்பெயரும் சீன எழுத்துகளில் ஹான்யாங் என்பதே.

இத்தகைய பெயர்கள் இடுகுறிப் பெயர்கள் அல்ல. ஆனால் காரணம் மறைந்த பின்னும் பெயர் நிற்கும். சீனத்து ஹான் ஆற்றின் வடகரையில் இருந்த ஹான்யாங், 15ஆம் நூற்றாண்டில் ஆறு போக்கு மாறியதால் தென்கரை ஊராயிற்று; பெயர் மாறவில்லை. லோயாங்கிலும் இதற்கு ஒப்பான நிலை காணப்படுகிறது. அதற்கு முன் அந்நிலத்தைப் பார்த்தல் தகும்.

ஆறுகளும் கணவாய்களும்

இன்றைய ஹெனான் மாகாணத்தின் மேற்குப் பகுதியில், மஞ்சளாற்றுக்குச் சற்றுத் தெற்கே, நாற்புறமும் குன்றுகள் சூழ்ந்த படுகை ஒன்றில் லோயாங் அமைந்துள்ளது. வடக்கே மாங் குன்றுகள் நீண்டு கிடந்து நகரை மஞ்சளாற்றிலிருந்து பிரிக்கின்றன. தென்கிழக்கே சோங் மலை. தெற்கே இரு குன்றுகளை ஊடறுத்துக்கொண்டு யீ ஆறு உள்ளே நுழைகிறது. அவ்விடைவெளியே லோங்மென், அதாவது நாக வாயில். லோ ஆறு மேற்கிலிருந்து வந்து படுகையை நீளவாக்கில் கடந்து, கிழக்கே யான்ஷியில் யீ ஆற்றோடு கூடி, பின்னர் மஞ்சளாற்றில் கலக்கிறது. ஜியான், சான் என்னும் சிற்றாறுகள் வடக்கிலிருந்து வந்து லோ ஆற்றில் சேர்கின்றன.

மேற்கே ஹாங்கூ, கிழக்கே ஹுலாவ் எனப் புகழ்பெற்ற கணவாய்கள் இப்படுகையின் வாயில்களாக இருந்தன. கி.பி. 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி எழுந்தபோது ஹான் அரசு தலைநகரைச் சுற்றி எட்டுக் கணவாய்களில் காவல் அமைத்தது. ஆனால் இவ்வரண் எல்லோராலும் போதுமானதாகக் கருதப்படவில்லை. கி.மு. 202இல் ஹான் மரபை நிறுவிய லியூ பாங் முதலில் லோயாங்கில்தான் அமர்ந்தார். படுகை சிறியது, மண் வளமற்றது, நான்கு புறமும் தாக்குதலுக்கு இடமளிப்பது என்று அமைச்சர் ஜாங் லியாங் எடுத்துரைத்தபின் அவர் மேற்கே சென்று சாங்கானைத் தலைநகராக்கினார். இவ்விரு நகரங்களுக்கும் இடையே அரசிருக்கை மாறி மாறிச் செல்வது அடுத்த ஆயிரம் ஆண்டுகளின் வழக்கமாயிற்று. காப்புக்குச் சாங்கான், போக்குவரத்துக்கும் தானியத்துக்கும் லோயாங் என்று ஒருவாறு கூறலாம்.

எழுத்தின் வரலாறு

ஆற்றுப் பெயராகிய லோ இருவகையாக எழுதப்பட்டுள்ளது. ஒன்றில் நீரைக் குறிக்கும் கூறு இடப்புறம் நிற்கும். மற்றொன்றில் நீர்க்கூறு இல்லை; பறவையைக் குறிக்கும் கூறு உண்டு. ஒலிப்பு ஒன்றே. கி.பி. 25இல் லோயாங்கைத் தலைநகராக்கிய பிற்கால ஹான் மரபு தன்னை நெருப்பின் ஆற்றல் பெற்றதாகக் கருதியது. நீர் நெருப்பை அணைப்பது. எனவே தலைநகரின் பெயரில் நீர்க்கூறு இருத்தல் ஆகாது என்று அதை நீக்கிப் பறவைக்கூறு கொண்ட எழுத்தை ஆண்டனர். 220இல் ஹான் மரபை அகற்றி வெய் மரபை நிறுவிய சாவ் பீ, தம் மரபு மண்ணின் ஆற்றல் உடையது, மண்ணும் நீரும் ஒன்றுக்கொன்று உதவுவன என்று கூறி நீர்க்கூறு கொண்ட எழுத்தை மீண்டும் கொணர்ந்தார். வெய் வரலாற்று நூலின் உரையில் காணப்படும் செய்தி இது.

18ஆம் நூற்றாண்டின் இலக்கணப் பேரறிஞர் துவான் யூசாய் இச்செய்தியை அப்படியே ஏற்கவில்லை. லோ என்னும் பெயருடைய ஆறுகள் இரண்டு. ஒன்று ஹெனான் வழியாக ஓடி லோயாங்கை அடைவது. மற்றொன்று வடக்கே ஷான்ஷி மாகாணத்தில் வெய் ஆற்றுப் பகுதியில் ஓடுவது. தொன்மையான வழக்கில் நீர்க்கூறு உடைய எழுத்து ஷான்ஷி ஆற்றுக்கும், பறவைக்கூறு உடைய எழுத்து ஹெனான் ஆற்றுக்கும் உரியனவாக வேறுபட்டிருந்தன. சாவ் பீயின் ஆணையே இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியது என்பது அவர் கருத்து. ஐவகை ஆற்றல் கோட்பாட்டால் எழுத்து மாறியது என்ற கதை சுவையானது. ஆயினும் இரண்டு ஆறுகளைப் பிரித்தறிய எழுத்து வேறுபாடு பயன்பட்டிருக்கலாம் என்னும் துவானின் விளக்கம் மொழியியல் நோக்கில் மிகுந்த பொருத்தம் உடையது. இன்று அவ்விரு ஆறுகளும் ஒரே எழுத்தால் எழுதப்படுவதால் 'வட லோ' என அடைகொடுத்து ஒன்றைப் பிரிக்க வேண்டியுள்ளது.

இடம் மாறிய நகரம்

லோ ஆற்றின் போக்கில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்குள் ஐந்து பெருந்தலைநகரங்களின் அழிபாடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையது எர்லிடோ. 1959இல் சூ சூஷெங் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த இவ்விடம் கி.மு. 18 முதல் 16ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தது. இதைச் சியா மரபின் தலைநகராகச் சீன ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கு எழுத்துச் சான்று கிடைக்காமையால் பிறநாட்டு ஆய்வாளருள் சிலர் தயங்குவர். எர்லிடோ இன்று லோ ஆற்றின் தென்புறத்தே கிடக்கிறது. அது வாழ்ந்த நாளில் ஆறு அதற்குத் தெற்கே ஓடியது. அதாவது அன்று அது வடகரை ஊர். இன்று தென்கரை மேடு. இதற்குச் சற்றுக் கிழக்கே 1983இல் கண்டறியப்பட்ட யான்ஷி நகரம் ஷாங் மரபினது.

ஜோ மரபினர் ஷாங் அரசை வென்றபின், கி.மு. 11ஆம் நூற்றாண்டில், கிழக்குப் பகுதியை ஆள்வதற்காக லோ ஆற்றங்கரையில் ஒரு நகரை எழுப்பினர். அது லோயீ என்றும் செங்ஜோ என்றும் நூல்களில் வழங்கும். இவை ஒரு நகரின் இரு பெயர்களா, அருகருகே இருந்த இரு நகரங்களா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. இந்நகர் அமைத்த செய்தியைக் கூறும் வெண்கலக் கலம் ஒன்று 1963இல் ஷான்ஷியின் பாவ்ஜி அருகே கிடைத்தது. அதனுள் 122 எழுத்துகள் கொண்ட பொறிப்பு இருப்பது 1975இல் துப்புரவு செய்தபோதுதான் தெரிந்தது. 'ஜோங்குவோ' என்னும் தொடர் கிடைத்துள்ள சான்றுகளுள் முதன்முதலாக இதில்தான் வருகிறது. இன்று சீனர் தம் நாட்டுக்கு வழங்கும் பெயர் இதுவே. ஆனால் அப்பொறிப்பில் அது நாட்டின் பெயர் அன்று. நடுவண் அமைந்த பகுதி, அதாவது இந்த லோயாங் வட்டாரம் என்பதே பொருள். இவ்விடத்தைச் 'சீனம்' என்று மொழிபெயர்ப்பது பிற்காலப் பொருளை மூவாயிரம் ஆண்டு பின்னோக்கி ஏற்றுவதாகும்.

கி.மு. 770இல் ஜோ அரசர் பிங் மேற்கிலிருந்து பெயர்ந்து லோயீயில் குடிபுகுந்தார். அவர் அமர்ந்த 'அரச நகர்' ஜியான் ஆற்றின் அருகே, இன்றைய நகரத்தின் உள்ளேயே உள்ளது. 1954இல் அதன் மதில் கண்டறியப்பட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசிருக்கை கிழக்கே செங்ஜோவுக்கு மாறியது. ஹான் காலத்து லோயாங் அந்தக் கிழக்கு நகரின்மேல் எழுந்தது. இன்றைய நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. கிழக்கே அதன் மண்மதில்கள் இன்றும் நிற்கின்றன. வடக்கு தெற்காக 9 லீ, கிழக்கு மேற்காக 6 லீ அளவினது ஆதலின் அதனை 'ஒன்பது–ஆறு நகர்' என்றும் அழைத்தனர். அதன் வடக்கு, கிழக்கு, மேற்கு மதில்கள் எஞ்சியுள்ளன, தென்மதில் இல்லை. லோ ஆறு பிற்காலத்தில் வடக்கே நகர்ந்து அதனை அரித்துச் சென்றது. நகருக்குத் தெற்கே இருந்த பேரவைக் கல்லூரியும் வானாய்வு மேடையும் இப்போது ஆற்றுக்கு அக்கரையில் உள்ளன.

மொழி ஆய்வாளருக்கு அப்பேரவைக் கல்லூரி தனிச் சிறப்புடையது. சூ ஷென் இயற்றிய ஷுவோவென் எனும் எழுத்து அகராதி 121இல் அவர் மகனால் இந்நகரத்து அரசவைக்கு அளிக்கப்பட்டது. 175 முதல் 183 வரை செவ்வியல் நூல்களின் பாடம் 46 கற்பலகைகளில் பொறிக்கப்பட்டுக் கல்லூரி வாயிலில் நிறுத்தப்பட்டது. பாடபேதங்களால் எழுந்த பூசல்களைத் தீர்ப்பதே நோக்கம். படியெடுக்க வந்தோரின் வண்டிகள் தெருவை அடைத்தன என்று வரலாற்று நூல் கூறும். 241இல் வெய் அரசு மூவகை எழுத்து வடிவங்களில் மற்றொரு கல்வரிசை நிறுவியது. பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பும் இதே நகரில்தான் முறையாகத் தொடங்கிற்று. 148இல் வந்த பார்த்தியரான ஆன் ஷிகாவ், 178 முதல் 189 வரை பணியாற்றிய குஷாண நாட்டு லோகக்ஷேமர் ஆகியோர் முதன்மையானவர். அவர்கள் இந்தியச் சொற்களை ஒலிபெயர்த்த முறை பிற்கால ஹான் ஒலிப்பை மீட்டமைக்க இன்று பெருந்துணையாக உள்ளது. புத்தரைக் குறிக்கும் எழுத்து இன்றைய வடசீனப் பேச்சில் ஃபோ என ஒலிக்கும்; ஜப்பானியத்தில் புட்சு. பழைய ஒலிப்பு 'புத்' என்பதற்கு மிக நெருக்கமானது.

190இல் துங் ஜுவோ என்னும் படைத்தலைவர் இந்நகரை எரித்தார். வெய், மேலை ஜின் மரபுகள் மீண்டும் கட்டின. 311இல் சியோங்னு படைகள் அதனை வீழ்த்தின. 493–494இல் வட வெய் பேரரசர் சியாவ்வென் வடக்கே பிங்செங்கிலிருந்து தம் அரசவையை இங்கே கொண்டுவந்தார். அவர் குடியினர் சியான்பேய் இனத்தார். தனி மொழி உடையோர். 495இல் அரசவையில் அம்மொழி பேசுவதை அவர் தடைசெய்தார். முப்பது வயதைக் கடந்தோர்க்குப் பழக்கம் மாறுவது கடினம் என்று தளர்வு அளித்தார். இளையோர்க்கு அத்தளர்வு இல்லை, மீறினால் பதவி இறக்கம். மொழி கற்கும் ஆற்றலில் வயதின் பங்கை ஓர் அரசாணை இவ்வாறு கணக்கில் கொண்டமை குறிப்பிடத்தக்கது. 496இல் அரச குடியின் துவோபா என்னும் பெயர் யுவான் என மாறியது. மேலும், குடிபெயர்ந்தோர் அனைவரும் 'ஹெனானைச் சேர்ந்த லோயாங் ஊரினர்' எனப் பதிவு பெறவும், இறந்தால் மாங் குன்றுகளிலேயே புதைக்கப்படவும் வேண்டும் என்றாயிற்று. அக்குன்றுகளில் கிடைக்கும் கல்லறைப் பொறிப்புகளில் 'லோயாங் ஊரினர்' என்றிருப்பின் அதைப் பிறப்பிடம் என்று கொள்ளலாகாது. பெரும்பாலும் அது ஓர் ஆணையின் விளைவு.

இக்காலத்து நகரை யாங் சுவான்ஜி 547இல், நகரம் பாழான பின் மீண்டும் வந்து கண்டு, தம் விகாரப் பதிவேட்டில் விவரித்தார். 1,367 விகாரங்கள் இருந்தன என்றும், 534இல் அரசவை யே நகருக்குச் சென்றபின் 421 எஞ்சின என்றும் அவர் கணக்கிடுகிறார். 516இல் எழுந்து 534இல் எரிந்த யுங்னிங் கோபுரம் 1000 சீ உயரம் என்பது அவர் கூற்று. சமகாலத்தவரான லி தாவ்யுவான் அதில் பாதியளவே தருகிறார். அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளம் பக்கத்துக்கு 38 மீட்டர் அளவினது. லியின் கணக்கே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அக்கோபுரத்தை வியந்து போற்றிய துறவியாகப் போதிதருமர் இந்நூலில்தான் முதன்முதலாகக் குறிக்கப்படுகிறார். தமிழகத்தில் அவரைக் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்று கூறும் வழக்கு வலுவாக உள்ளது. யாங் சுவான்ஜி அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த மேற்றிசைத் துறவி என்கிறார். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்பது தான்லின் என்பாரின் முன்னுரை தரும் செய்தி. காஞ்சி இவ்விரண்டிலும் இல்லை.

605இல் சுய் பேரரசர் யாங் பழைய நகரைக் கைவிட்டு மேற்கே புதிய நகரை எழுப்பினார். யூவென் காய் வகுத்த அதன் நடுக்கோடு தெற்கே லோங்மென் இடைவெளியை நோக்கியது. 103 குடியிருப்புக் கட்டங்கள், 3 சந்தைகள், ஏறத்தாழ 27.5 கி.மீ. சுற்றளவு கொண்ட மதில். லோ ஆறு இந்நகரின் ஊடே ஓடியது. வடகரை நகர் என்னும் பெயர் இருகரை நகருக்கு உரியதாயிற்று! பெருங்கால்வாய் வழி வந்த தானியம் ஹான்ஜியா களஞ்சியத்தில் நிலத்தடிக் குழிகளில் சேமிக்கப்பட்டது. 1969இல் அவை கண்டறியப்பட்டபோது ஒரு குழியில் தானியம் கரிந்த நிலையில் எஞ்சியிருந்தது. 684இல் பேரரசி வூ இந்நகருக்குத் 'தெய்வத் தலைநகர்' எனப் பெயரிட்டார். தென்கடல் வழி இந்தியாவுக்குச் சென்று மீண்ட யீஜிங் 695இல் இங்குத் திரும்பியபோது அப்பேரரசியே அவரை வரவேற்றார். தென்னிந்தியாவிலிருந்து கடல் வழி வந்த வச்சிரபோதி 741இல் இங்கு இறந்து லோங்மென் அருகே அடக்கம் பெற்றார். காஞ்சியோடு அவருக்குத் தொடர்பு உண்டென அவர் வரலாறு கூறும். போதிதருமர் பற்றிய கதையைவிட இது உறுதியான தொடர்பு.

இன்றைய நகரம் இச்சுய்–தாங் நகரின்மேல் உள்ளது. 1950களில் உழுபொறித் தொழிற்சாலை முதலியன அழிபாடுகளைத் தவிர்த்து ஜியான் ஆற்றுக்கு மேற்கே அமைக்கப்பட்டன. 2021இல் யான்ஷி லோயாங்கின் நகர வட்டமாக்கப்பட்டதால் எர்லிடோவும் இன்று ஆட்சிமுறையில் லோயாங்கே.

அயலார் வழங்கிய பெயர்

1907இல் ஆரல் ஸ்டைன் துன்ஹுவாங் அருகே கண்டெடுத்த சோக்தியக் கடிதங்களுள் ஒன்று, பஞ்சமும் தீயும் தலைநகரை அழித்ததையும் பேரரசர் தப்பியோடியதையும் தன் ஊருக்கு எழுதும் வணிகர் ஒருவருடையது. அதில் நகரின் பெயர் 'சரக்' என்றுள்ளது. டபிள்யூ. பி. ஹென்னிங் 1948இல் இது லோயாங்கே என நிறுவி, கடிதம் 311ஆம் ஆண்டின் அழிவைக் கூறுவதாகக் கொண்டார். 781இல் சாங்கானில் நாட்டப்பட்ட கிறித்தவக் கல்லின் சிரியாக்குப் பகுதியும் சாங்கானைக் 'கும்தான்' என்றும் லோயாங்கைச் 'சரக்' என்றும் குறிக்கிறது. தாங் காலத்துச் சமஸ்கிருத–சீனச் சொற்பட்டியலிலும் லோயாங்குக்கு இப்பெயர் உண்டு. சீனப் பெயரின் ஒலியோடு இதற்கு ஒற்றுமை இல்லை. வழித்தட வணிகரிடையே நூற்றாண்டுகள் நிலைத்த ஒரு தனிப்பெயர் மரபு இருந்ததை இது காட்டுகிறது.

லோயாங் ஒலிப்பு

311க்குப் பின் மேற்குடியினர் பெருந்தொகையாகத் தெற்கே சென்றனர். 317இல் இன்றைய நான்ஜிங்கில் கீழை ஜின் அரசு எழுந்தது. அங்கு அவர்கள் வடநகர ஒலிப்பில் நூல் ஓதுவதைப் பெருமையாகக் கொண்டனர். 'லோயாங் மாணாக்கர் ஓதல்' என்று அதற்குப் பெயர். அமைச்சர் சியே ஆன் மூக்கடைப்பு உடையவர் ஆதலின் அவர் ஓதல் சற்றுக் கரகரத்தது. அதுவே சிறந்த ஒலிப்பு எனக் கருதிய பிறர் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓதினராம். தர ஒலிப்பு என்பதன் சமூக இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

யான் ஜிதுய் 6ஆம் நூற்றாண்டில் நான்ஜிங், லோயாங் ஆகிய இரண்டையும் ஒலிப்பின் அளவுகோல்களாகக் கூறினார். அவரும் கலந்துகொண்ட உரையாடலின் அடிப்படையில் லு ஃபாயான் 601இல் சியேயுன் என்னும் இயைபு அகராதியைத் தொகுத்தார். அந்நூல் எந்த நகரின் ஒலிப்பைத் தருகிறது? சாங்கான் என்றார் கார்ல்கிரென். 311க்கு முந்தைய லோயாங்கின் பழைய ஒலிப்பே என 1949இல் சென் யின்கே வாதிட்டார். வடக்கும் தெற்கும் விரவிய கற்றோர் வழக்கு என ஜோ ஜூமோ பின்னர் நிறுவினார். கடைசிக் கருத்தே இன்று பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. அதற்கிடையே லோயாங்கின் புகழ் மங்கவில்லை; 12ஆம் நூற்றாண்டில் லு யூ, நிலத்தின் நடுவே உள்ள லோயாங்கின் ஒலிப்பே மிகத் தூயது என எழுதினார். இன்றைய லோயாங் பேச்சு நடுச்சமவெளி வடசீனக் கிளைமொழிகளுள் ஒன்று. பழைய இறுதி ககர மெய் அதில் இல்லை. இடைக்காலச் சீனத்தில் ஆற்றின் பெயர் 'லக்' என்று முடிந்தது. அவ்வீறு கான்டனியத்தில் 'லோக்' எனவும், கொரியத்தில் 'நக்' எனவும், ஜப்பானியத்தில் உயிர் சேர்ந்து 'ரக்கு' எனவும் நிலைத்துள்ளது. லோயாங் இழந்த ஒலியை லோயாங்குக்கு வெளியே தேட வேண்டியுள்ளது.

தென்சீனத்து மின்னான் மொழியினர் தம்மை 'ஹோலோ' என அழைப்பதும், அதனை 'மஞ்சளாறு–லோ ஆறு' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதித் தம் வேரை இங்குக் காண்பதும் உண்டு. அவ்வெழுத்துகள் பெயருக்குப் பின்னர் பொருத்தப்பட்டவை என்று ஐயுறுவோர் பலர். ஐயம் நியாயமானதே.

மொழிபெயர்ப்பில் எழும் ஐயங்கள்

திசைத் தலைநகரங்களின் குழப்பம் முன்னரே கூறப்பட்டது. சிமா குவாங் 1071 முதல் 1084 வரை தம் பெருவரலாற்றை எழுதியது 'மேற்குத் தலைநகர்' எனின், அது லோயாங்கே. 'ஹெனான்' என்பது பழைய நூல்களில் இன்றைய மாகாணம் அன்று. லோயாங்கைச் சூழ்ந்த ஆட்சிப் பகுதி. தாங் காலத்தில் நகர மதிலுக்குள்ளேயே லோயாங், ஹெனான் என இரு வட்டங்கள் இருந்தன. தாங் கவிதைகளில் வரும் 'தியான்ஜின் பாலம்' லோயாங்கில் லோ ஆற்றின்மேல் நின்றது. வான்துறை என்பது பொருள். அதே எழுத்துகளால் எழுதப்படும் துறைமுக நகரம் 1404இல்தான் அப்பெயர் பெற்றது. ஹெனானிலேயே 'லோஹே' என்றொரு நகரம் உண்டு. லோ ஆறு என்பதும் உரோமன் எழுத்தில் அவ்வாறே அமையும். ஆனால் நகரின் பெயரில் வரும் எழுத்து வேறு, இடமும் வேறு.

'லோயாங்கில் தாள் விலை ஏறிற்று' என்பது ஒரு மரபுத்தொடர். 3ஆம் நூற்றாண்டில் ஜுவோ சி எழுதிய செய்யுளைப் படியெடுக்கப் பலர் முந்தியதால் தாள் விலை உயர்ந்த செய்தியிலிருந்து எழுந்தது. நூலொன்று பெரிதும் விரும்பப்படுகிறது என்பதே பொருள். தற்கால நூலில் இத்தொடர் வந்தால் நகரின் பெயரை விடுத்து, 'படிகள் கிடைப்பது அரிதாயிற்று' என்று பெயர்ப்பதே முறை. பழைய வரலாற்று நூலில் வந்தால் நேரே பெயர்க்கலாம்.

ஜப்பானிய நூல்களை மொழிபெயர்ப்போர் தனியே எச்சரிக்கை கொள்ள வேண்டும். 794இல் எழுந்த ஹெயான் நகரின் கிழக்குப் பாதிக்கு லோயாங் என்றும் மேற்குப் பாதிக்குச் சாங்கான் என்றும் பெயர்கள் வழங்கின. மேற்குப் பாதி சதுப்பு நிலமாதலால் தேய்ந்தொழிந்தது. கிழக்குப் பாதியின் 'ரக்குயோ' கியோட்டோ முழுவதற்கும் பெயராயிற்று. 'ரக்கு நோக்கி ஏறுதல்' என்பது கியோட்டோவுக்குச் செல்லுதலைக் குறிக்கும்.

எழுத்துப்பெயர்ப்பைப் பொறுத்தவரை, பழைய ஆங்கில நூல்களில் 'லோ' என்றும் 1958க்குப் பிந்தைய பின்யின் முறையில் 'லுவோ' என்றும் வருவது ஒரே அசைதான். அவ்வசையில் வரும் உகரச் சாயல் நொடிப்பொழுதே ஒலிப்பது. தமிழில் 'லுவோ' என எழுதினால் ஓரசை ஈரசையாக நீளும். ஆதலின் இக்கட்டுரை லோயாங் என்னும் வடிவையே மேற்கொண்டது. எவ்வடிவை ஏற்பினும் ஒரு நூல் முழுவதும் அதனையே ஆளுதலும், முதல் ஆட்சியிலேயே அது ஜோ, ஹான்–வெய், சுய்–தாங் ஆகியவற்றுள் எந்த நகரம் என்பதைக் குறித்தலும் நன்று. பெயர் வேறு வடிவில் வரும் இடங்களில், அதாவது லோயீ, செங்ஜோ, தெய்வத் தலைநகர், கிழக்குத் தலைநகர் என வரும்போது, அவற்றை லோயாங் எனச் சமன்படுத்தாமல் மூலத்தில் உள்ளபடியே தந்து அடிக்குறிப்பில் விளக்குவது பொருத்தமாகும்.